ஒப்புக்கொண்ட பாவங்களையும் சரிபார்க்க வேண்டும்: ஜானி கேஷின் வாழ்க்கை வரலாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க கண்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 2003 செப்டம்பர் 12 அன்று இறந்தார். அதற்கு முன்பே தன் வாழ்க்கையை அவர் இரண்டு முறை எழுதி முடித்திருந்தார். முதல் சுயசரிதை 1975-இல் வந்தது, இரண்டாவது 1997-இல். இரண்டிலும் தன்னை உத்தமனாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாத்திரைக்கு அடிமையாகக் கிடந்தது, கச்சேரிகளுக்குப் போகாமல் ஏமாற்றியது, முதல் மனைவியையும் நான்கு மகள்களையும் தவிக்கவிட்டது, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது எல்லாமே இருக்கிறது.

வரலாறு எழுத வருகிறவருக்குச் சிக்கலே அங்கேதான். புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி எழுதப் போனால், மறைத்து வைத்ததைத் தேடுவதுதான் வழக்கமான வேலை. கேஷ் விஷயத்தில் ஆளே முன்வந்து கையைத் தூக்குகிறார். தன்னைத் தானே இவ்வளவு குறை சொல்கிறவர் பொய்யா சொல்லப்போகிறார் என்று படிப்பவர் மனம் இளகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவர் சொன்ன பாவக்கதைகளில் சில நடந்ததைவிடப் பெரியவை. சில, சொன்னபடி நடந்திருக்க வாய்ப்பில்லாதவை. இன்னும் சில, வேறு பாவங்களைப் பார்க்கவிடாமல் முன்னால் வந்து நிற்பவை. கேஷ் பற்றி நேர்மையாக எழுதுவது என்றால் அவருடைய பெருமைகளை மட்டுமல்ல, ஒப்புதல்களையும் சோதிப்பது.

பின்னணி

1932 பிப்ரவரி 26, ஆர்கன்சா மாநிலத்தின் கிங்ஸ்லாண்ட். பெற்றோர் வைத்த பெயர் வெறும் ஜே.ஆர்.; ஜான் என்பது விமானப்படையில் சேர்ந்தபோது வந்தது, ஜானி என்பது சன் ரெக்கார்ட்ஸ் முதலாளி சாம் பிலிப்ஸ் ஒட்டியது. மூன்று வயதில் குடும்பம் டைஸ் என்ற அரசுக் குடியேற்றத்துக்குப் போனது. பெருமந்தக் காலத்தில் நொடித்துப்போன விவசாயிகளுக்கு ரூஸ்வெல்ட் அரசு வீடும் 20 ஏக்கர் நிலமும் கொடுத்த ஊர் அது. அங்கே பருத்தி பயிரிட்டார்கள். 1944 மே மாதம் அண்ணன் ஜாக் வட்ட ரம்பத்தில் சிக்கி, சில நாள் உயிருக்குப் போராடி இறந்துபோனான். ஜே.ஆருக்கு அப்போது 12 வயது. விபத்து நடந்த நேரத்தில் மீன் பிடிக்கப் போயிருந்தான்.

தப்பான பிள்ளையைச் சாவு கொண்டுபோய்விட்டது என்று அப்பா சொல்வதுபோல, கேஷின் வாழ்க்கையை வைத்து 2005-இல் வந்த 'வாக் த லைன்' திரைப்படம் காட்டியது. அன்றுமுதல் பலரும் அதை வரலாறாகவே எழுதுகிறார்கள். திரைக்கதை வசனத்தை எடுத்து வாழ்க்கையில் ஒட்ட வேண்டிய அவசியமில்லை. அப்பா ரே கேஷ் கடுமையானவர், சிறுவனின் நாயைச் சுட்டுக் கொன்றவர் என்று கேஷே சொல்லியிருக்கிறார். அந்த வீட்டைப் புரிந்துகொள்ள அது போதும்.

1950 முதல் 1954 வரை விமானப்படை. மேற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்கில் உட்கார்ந்து சோவியத் மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுதுவது வேலை. ஸ்டாலின் இறந்த செய்தியை முதலில் பிடித்தவன் நானே என்று பின்னாளில் சொன்னார். ஒட்டுக்கேட்பவர் புள்ளியும் கோடும் எழுதித் தருவார். சங்கேதத்தை உடைத்து மொழிபெயர்ப்பது வேறு ஆட்களின் பொறுப்பு. ஆகவே இதை 'கேஷ் சொன்னார்' என்ற வாக்கியத்துக்குள்தான் வைக்கலாம், அதைத் தாண்டி விடக்கூடாது. பெரிய பொய் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனிதரிடம் நல்ல கதைக்கும் நடந்ததற்கும் நடுவில் வேலி தாழ்வாகத்தான் இருக்கும் என்பதற்கு முதல் எச்சரிக்கை.

குகை

இவரது வாழ்க்கைக் கதையின் அச்சாணியே நிக்கஜாக் குகைதான். டென்னசியில் சாட்டனூகாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேஷ் சொல்வது இது: 1967 அக்டோபர், மாத்திரையால் உடம்பு உருக்குலைந்து, சாவதற்கென்றே குகைக்குள் தவழ்ந்து போகிறார். டார்ச் அணைந்துபோகிறது. இருட்டில் படுத்துக் கிடக்கிறார். கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்ற உணர்வு வருகிறது. முகத்தில் பட்ட காற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். குகை வாசலில் பாடகி ஜூன் கார்ட்டரும் (பின்னாளில் கேஷின் இரண்டாம் மனைவி) கேஷின் அம்மாவும் கூடையில் சாப்பாட்டோடு நிற்கிறார்கள்.

படிக்கும்போது புல்லரிக்கிறது. அந்தக் கூடையில்தான் எனக்கு முதல் சந்தேகம்.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். நிக்கஜாக் அணையின் கதவுகள் 1967 டிசம்பரில் மூடப்பட்டன. நீர்த்தேக்கம் குகை வாசலுக்குள் ஏறிவிட்டது. எனவே இந்தச் சம்பவம் 1968-இல் நடந்தது என்று எழுதுகிறவர்கள் சொல்வது நிற்காது. சரி, கேஷ் சொன்ன 1967 அக்டோபர் என்றே வைத்துக்கொள்வோம். அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் லஃபாயெட் ஊரில் அவரைப் போலீஸ் பிடித்து ஒரு இரவு உள்ளே வைத்தது. ஷெரீஃப் ரால்ஃப் ஜோன்ஸ் காலையில் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்து, சாவதா பிழைப்பதா என்று நீயே முடிவு செய் என்ற பொருளில் பேசி அனுப்பினார் என்பதும் கேஷ் திரும்பத் திரும்பச் சொன்ன கதைதான். ஆக, குகையில் மனம் திருந்தியவர் ஒரு மாதத்துக்குள் மறுபடி மனம் திருந்தியிருக்கிறார். பிறகு வந்த வரலாற்றாசிரியர்கள் குகைக் கதையை நம்பாததில் வியப்பில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் நிஜமாக நடந்தது இவ்வளவு அழகானதில்லை. டென்னசி மாநில மனநலத் துறை ஆணையராக இருந்த டாக்டர் நாட் வின்ஸ்டன் ஹெண்டர்சன்வில் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஜூனும் அவருடைய பெற்றோரும் வீட்டில் காவலிருந்தார்கள். ஒளித்துவைத்த மாத்திரைகளைத் தேடி எடுத்துக் கொட்டினார்கள். வாந்தி, நடுக்கம், கெட்ட கனவு. வாரக்கணக்கில் இழுத்த, பலர் கை சேர்ந்த வேலை இது. குகைக் கதை அதை ஒரே நாளாகவும் ஒரே ஆளாகவும் சுருக்கிவிட்டது.

அதற்காகக் குகையை வரலாற்றிலிருந்து வெட்டி எறிய வேண்டுமா? கூடாது. அவருக்கு இந்தக் கதை எதற்குத் தேவைப்பட்டது என்பது வரலாற்றின் பகுதிதான். அவர் கிறிஸ்தவ மதபோதகர் பில்லி கிரகாமின் மேடைகளில் சாட்சி சொன்ன ஆள். அந்த மேடைக்குத் தேதி போட்ட ஒரு மறுபிறப்பு வேண்டும். 'நடந்தது' என்று எழுதாமல் 'இப்படிச் சொல்லத் தொடங்கினார்' என்று எழுதினால் குகை தன் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

சிறை

கேஷ் ஜெயில் தண்டனை அனுபவித்தவர் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அவர் பார்த்தது சில இரவு லாக்கப் மட்டும். இந்த எண்ணத்தை அவர் அழுத்தி மறுக்கவும் இல்லை.

1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. அவற்றைப் பதிவு செய்து வந்த இசைத்தட்டில், 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டில், ரீனோவில் ஒருவனைச் சும்மா சாவதைப் பார்க்கவே சுட்டேன் என்ற வரி முடிந்ததும் ஒரு கைதி உற்சாகமாகக் கத்துவது கேட்கும். இசை விமர்சகர்கள் அந்த ஒரு சத்தத்தை வைத்துப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். அது பின்னால் ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டது. முழு ஒலிப்பதிவைக் கேட்டவர்கள், குறிப்பாக கேஷ் பற்றி நூல் எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத், இதை எழுதிவிட்டார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொலை வரிக்குக் கத்தும் துணிச்சல் கைதிகளுக்கு இல்லை. யோசித்தால் தெரிகிற விஷயம்தான், யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பாட்டின் மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸ் 1953-இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து எடுத்தவை என்பதும், 1970-களின் தொடக்கத்தில் கேஷ் தரப்பு பணம் கொடுத்து வழக்கை முடித்தது என்பதும் தனிக் கணக்கு.

அந்தக் கச்சேரியில் கிளென் ஷெர்லி என்ற கைதி எழுதிய பாட்டையும் கேஷ் பாடினார். அவர் முயற்சியால் 1971-இல் ஷெர்லி விடுதலையானார். 1972-இல் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் சிறைச் சீர்திருத்தம் பற்றிச் சாட்சி சொல்ல இருவரும் சேர்ந்து போனார்கள். பிறகு ஷெர்லியால் வெளியுலகில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கேஷின் குழு அவரை விலக்கியது. 1978-இல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். மேடை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஒருவரை அப்புறம் என்ன செய்தோம் என்ற கேள்வி கேஷின் ஒப்புதல்களில் பெரிதாக ஒலிப்பதில்லை.

தீயும் கழுகும்

1965 கோடை. கலிஃபோர்னியாவின் லாஸ் பத்ரஸ் தேசிய வனத்தில் கேஷின் வண்டி அருகே பிடித்த தீ 508 ஏக்கரை எரித்தது. அரசு 1,25,172 டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் 82,001 டாலர் கட்டினார். நீதிமன்ற விசாரணையில், உங்கள் மஞ்சள் கழுகுகளைப் பற்றி எனக்கென்ன கவலை என்று திமிராகச் சொன்னதைத் தானே எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்த 53 காண்டோர் கழுகுகளில் 49-ஐ அந்தத் தீ விரட்டியது என்பது அவர் எழுதிய கணக்கு. இணையத்தில் பல இடங்களில் அது '49 கழுகுகளைக் கொன்றது' என்று மாறிக் கிடக்கிறது. ஒப்புக்கொள்கிற ஆளாயிற்றே என்று அவர் ஒப்புக்கொள்ளாததையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

தீ எப்படிப் பிடித்தது? வண்டியின் கோளாறு என்றார் கேஷ். நான் செய்யவில்லை, வண்டிதான் செய்தது, அது செத்துவிட்டது, அதை விசாரிக்க முடியாது என்ற நக்கல் வேறு. உடனிருந்த உறவினர் பின்னாளில் வரலாற்றாசிரியரிடம் சொன்னது வேறு: குளிர் காய்வதற்காக மூட்டிய நெருப்பு கைமீறியது. பாருங்கள், திமிர்ப் பேச்சை ஒப்புக்கொள்கிறார், காரணத்தை அல்ல. திமிர் வசீகரமானது, அலட்சியம் அப்படியல்ல.

விவியன்

இந்த வாழ்க்கையை எழுதுகிறவர் நிஜமாகவே தடுமாறும் இடம் முதல் மனைவி விவியன் லிபர்ட்டோ. சான் அன்டோனியோவில் ஸ்கேட்டிங் களத்தில் 1951-இல் சந்தித்தார்கள். ஜெர்மனியில் இருந்த காலம் முழுக்கக் கடிதம், ஆயிரக்கணக்கான பக்கங்கள். 1954 ஆகஸ்டில் கல்யாணம். 1956-இல் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கிய பாட்டே மனைவிக்கு உண்மையாக இருப்பேன் என்ற சத்தியம்தான். அந்தச் சத்தியம் நிலைக்கவில்லை.

1965 அக்டோபர் 4 அன்று டெக்சஸின் எல் பாசோ விமான நிலையத்தில் கேஷ் கைதானார். மெக்சிகோ எல்லை தாண்டிப் போய் வாங்கிய 688 டெக்ஸெட்ரின் (ஊக்க) மாத்திரைகளும் 475 ஈக்வானில் (அமைதிப்படுத்தும்) மாத்திரைகளும் பிடிபட்டன. ஹெராயின் இல்லை என்பதால் அபராதத்தோடும் நிறுத்திவைத்த தண்டனையோடும் தப்பினார். இந்த எண்கள் கேஷ் பற்றிய எல்லா எழுத்திலும் வரும். அவ்வளவு வராதது இது: கணவனுக்குத் துணையாக விவியன் எல் பாசோவுக்கு வந்து நீதிமன்ற வாசலில் நின்றார். செய்தித்தாள் படத்தில் அவர் தோற்றம் கருமையாக விழுந்தது. 1966-இல் வெள்ளை இனவெறிக் கட்சி ஒன்றின் பத்திரிகை அதை எடுத்துப் போட்டு, கேஷ் ஒரு கறுப்புப் பெண்ணைக் கட்டியிருக்கிறார், இவருடைய இசைத்தட்டுகளை வாங்காதீர்கள் என்று எழுதியது. தெற்கு மாநிலங்களில் மிரட்டல்கள் வந்தன. வீட்டில் நான்கு சிறு பெண் குழந்தைகளோடு அதைத் தாங்கியவர் விவியன்.

கேஷ் தரப்பு என்ன செய்தது? மேனேஜர் சால் ஹாலிஃப் விவியன் வெள்ளைக்காரர்தான் என்பதற்கு ஆவணங்களைத் திரட்டினார். 'கறுப்பாக இருந்தால்தான் என்ன' என்ற பதில் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அதே கேஷ் 1964-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக ஒரு இசைத்தட்டு முழுக்கப் பாடி, அதை ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்களை பில்போர்டு பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டுத் திட்டியவர். அந்த நாட்களில் தனக்குச் செரோக்கி ரத்தம் இருப்பதாகவும் சொல்லிக்கொண்டார். அது உண்மையல்ல; பின்னால் அவரே விட்டுவிட்டார்.

2021-இல் மகள் ரோசான் கேஷ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தாய்வழி வேர்களைப் பார்த்தபோது, விவியனின் முன்னோர்களில் சாரா ஷீல்ட்ஸ் என்ற அடிமைப்படுத்தப்பட்ட கறுப்புப் பெண் இருந்தது தெரியவந்தது. குடும்பத்துக்கு அதுவரை தெரியாது. இல்லாத வம்சத்தைக் கணவர் பெருமையாகச் சொன்னார். இருந்த வம்சத்தை, தெரியாமலேயே, இல்லை என்று நிரூபிக்க மனைவி தரப்பில் காகிதம் தேடினார்கள். இரண்டும் இரண்டு ஆண்டு இடைவெளியில். கேஷைப் பற்றி ஒரே ஒரு அத்தியாயம் எழுத இடம் கொடுத்தால் நான் இதைத்தான் எழுதுவேன், குகையை அல்ல.

மணவிலக்கு முடிந்ததும் 1968 மார்ச் 1 அன்று ஜூனுடன் திருமணம். அதற்கப்புறம் எல்லாக் கதைகளிலும் விவியன் புகார் சொல்லும் மனைவியாகக் குறுகிவிட்டார். 2005 படத்தில் அம்மாவைக் காட்டிய விதத்தை மகள் கேத்தி வெளிப்படையாகவே கண்டித்தார். விவியனின் சொந்த நூல் அவர் இறந்தபின் 2007-இல் வந்தது. அதை எழுத அவர் 2003-இல் கேஷை நேரில் பார்த்துச் சம்மதம் வாங்கியிருந்தார். 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டை எழுதியது கேஷ்தான், ஜூனுக்குப் பணம் தேவைப்பட்டதால் பெயரைக் கொடுத்தார் என்பது அதில் அவர் வைத்த குற்றச்சாட்டு. பாட்டு ஜூன் கார்ட்டர், மெர்ல் கில்கோர் இருவர் பெயரில் பதிவானது. ஜூன் கடைசிவரை தன் பாட்டு என்றே சொன்னார். காயம்பட்ட முதல் மனைவியின் சொல், லாபம் பெற்ற இரண்டாம் மனைவியின் சொல். தீர்ப்பு எழுதாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் இங்கே சரி என்பது என் கருத்து.

ஜூனுக்கும் இந்தக் கதை நல்லது செய்யவில்லை. காப்பாற்றிய தேவதை என்ற வேடம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவரும் மாத்திரைப் பழக்கத்தோடு போராடியவர் என்று மகன் ஜான் கார்ட்டர் கேஷ் 2007-இல் எழுதியபோது பலர் அதிர்ந்தார்கள்.

சான்று யார் கையில்

அமெரிக்கச் சட்டப்படி இறந்தவருக்கு அவதூறு இல்லை. அதனால் எழுதுபவருக்குச் சுதந்திரம் அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒரு கடிதத்தின் காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள வாசகம் எழுதியவரின் வாரிசுகளுக்குச் சொந்தம். பாட்டு வரிகளை விரிவாக மேற்கோள் காட்டப் பதிப்புரிமைக்காரரின் அனுமதி வேண்டும். வாரிசுகளைப் பகைத்துக்கொண்டு ஒரு பாடகரின் வரலாற்றை எழுதுவது, வரி இல்லாமல் பாட்டைப் பற்றி எழுதுவதாகிவிடும். அனுமதி தருபவர் என்ன எதிர்பார்ப்பார் என்பது தனியே சொல்ல வேண்டாம்.

ஆகவே குடும்பத்துக்கு வெளியே இருக்கும் காகிதங்களுக்கு மதிப்பு கூடுகிறது. நீதிமன்றப் பதிவு, அணைக் கதவு மூடிய தேதி, ஸ்டூடியோ நாடா. ஹாலிஃப் தன் ஒலிநாட்குறிப்புகளையும் கேஷோடு பேசிய தொலைபேசி உரையாடல்களின் பதிவுகளையும் விட்டுப்போயிருந்தார். அவை மகன் ஜோனதன் கையில் கிடைத்து 2012-இல் ஆவணப்படமாகின. கேஷ் வராத கச்சேரிகளுக்கு ஏற்பாட்டாளர்களிடம் மன்னிப்புக் கேட்ட ஆளின் குரல் அது. அதிலும் கசப்பு உண்டு, கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மனம் திருந்திய கதையில் அந்த ஏற்பாட்டாளர்களுக்கு இடமே கிடையாது; நாடாவில் இருக்கிறது.

எங்கே முடிப்பது

2005 படம் 1968-இல் முடிகிறது. முதல் சுயசரிதையும் மீட்சியில் முடிகிறது. அது அச்சாகி இரண்டு ஆண்டு போல் ஆனபோது கேஷ் மறுபடி ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தார். 1981-இல் வீட்டு விலங்குப் பண்ணையில் ஒரு நெருப்புக்கோழி உதைத்து விலா எலும்புகள் உடைந்தன. வலி மாத்திரை புதிய வாசலாயிற்று. 1983-இல் பெட்டி ஃபோர்டு மறுவாழ்வு மையம், 1989-இல் நாஷ்வில்லில் மறுபடி சிகிச்சை, 1992-இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் மறுபடி. ஃபோல்சம் கச்சேரியில் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் விமர்சகர் ராபர்ட் ஹில்பர்ன் 2013-இல் எழுதிய பெரிய வரலாறு இந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்காமல் நடந்தே கடக்கிறது. படிக்கச் சலிப்புதான். விற்காத இசைத்தட்டுகள், மீண்டும் மருத்துவமனை, மீண்டும் சத்தியம். அடிமைப்பழக்கம் என்பதே அந்தச் சலிப்புதான் என்பதால் அதைச் சுருக்குவது அவரைக் காப்பாற்றுவதாகவே முடியும்.

சுருக்க ஆசைப்படுவது எழுத்தாளர்கள் மட்டுமல்ல. 1965 மே மாதம் மிசிசிப்பியின் ஸ்டார்க்வில்லில் குடிபோதையில் திரிந்ததற்காகக் கேஷைப் பிடித்தார்கள். நள்ளிரவில் பூப்பறித்ததற்காகப் பிடித்தார்கள் என்று அவர் 1969-இல் சான் க்வென்டின் சிறைக் கைதிகள் முன்னால் பாட்டாகவே பாடினார். 2007-இல் அந்த ஊர் அவருக்கு அடையாளமாக மன்னிப்பு வழங்கி விழா எடுத்தது. விழாவுக்குப் பெயர் குடிபோதையைச் சொல்லவில்லை, பூப்பறிப்பைத்தான் சொன்னது.